கியோன் திருவிழாவுக்கு அம்மாவை எந்த நாளில் அழைத்துப் போகலாம்?

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். கியோட்டோவின் கியோன் மட்சுரிக்குப் போக ஆசை. 16ஆம் தேதி இரவுதான் சிறப்பு என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். அன்று போகலாமா? நாங்கள் யுகாதா உடுத்தினால் தப்பாக நினைப்பார்களா? அம்மாவுக்குச் சாப்பிட என்ன கிடைக்கும்?

பதில்: 16ஆம் தேதி இரவு வேண்டாம். 15, 16 இரண்டு நாள் மாலையிலும் ஷிஜோ தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். தின்பண்டக் கடைகள் வரிசை கட்டும். கூட்டம் ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகும், நினைத்த இடத்தில் திரும்பி வர முடியாது. முழங்கால் வலியோடு ஒருவரையும் ஆறு வயதுக் குழந்தையையும் அதற்குள் கூட்டிப் போவது சரியல்ல.

இந்த விழா ஒரு நாள் விழா அல்ல, ஜூலை மாதம் முழுக்க நடப்பது. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் மாகாணங்களின் எண்ணிக்கைப்படி 66 ஈட்டிகளை நட்டு வேண்டிக்கொண்டதில் தொடங்கியது. தேரோட்டமும் இரண்டு முறை நடக்கிறது: 17ஆம் தேதி 23 தேர்கள், 24ஆம் தேதி 11 தேர்கள். பின்னதற்கு ‘அதோ மட்சுரி’ என்று பெயர். 1966இல் முன்னதோடு சேர்த்துவிட்ட இதை 2014இல்தான் மறுபடி தனியாக நடத்தத் தொடங்கினார்கள். உங்களுக்கு ஏற்றது இதுவே என்று உறுதியாகச் சொல்வேன்.

21 முதல் 23 வரை ஏதாவது ஒரு மாலை வாருங்கள். தெருக்கடைகள் இல்லாததால் கூட்டம் பாதிகூட இருக்காது. ஹன்க்யூ ரயிலில் கராசுமா நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் ஷின்மாச்சி, முரோமாச்சி தெருக்களில் விளக்கேற்றிய தேர்கள் நிற்கும். தேரில் தொங்கும் திரைகளையும் கம்பளங்களையும் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் காட்டுங்கள். இந்தியாவிலிருந்து கடல்வழி வந்த பழைய துணிகளும் இந்தத் தேர்களின் சொத்தில் உண்டு. ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றாலேயே மரங்களைப் பிணைத்திருக்கும் முடிச்சுகளை நின்று பார்க்க வேண்டும். 1864 தீயில் எரிந்து, 150 ஆண்டு கழித்து 2014இல் மீண்ட கப்பல் வடிவத் தேர் ஓஃபுனே-ஹோகோ மட்டும் ஷிஜோவுக்குச் சற்றுத் தெற்கே, ஷின்மாச்சி தெருவில் நிற்கிறது. ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். அம்மாவை மேலே ஏற்ற வேண்டாம்.

மகளுக்காக ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால் 20ஆம் தேதி பிற்பகல் வாருங்கள். அன்று வெள்ளோட்டம். வெளியூர்க்காரரும் குழந்தைகளும்கூட வடம் பிடிக்கலாம். பிடித்தால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை.

24 காலை விடுப்பு கிடைத்தால் தேரோட்டத்தையும் பாருங்கள். 9:30க்கு கராசுமா-ஓயிகேயில் புறப்படும். கவராமாச்சி-ஓயிகே சந்திப்பில் பெரிய தேர்கள் திரும்புவது பார்க்க வேண்டிய காட்சி: சக்கரம் நேராக மட்டுமே உருளும் என்பதால் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் இழுத்து வழுக்கவிடுவார்கள். ஓயிகே சாலையில் கட்டண இருக்கை உண்டு, முன்பதிவு செய்யுங்கள். அங்கே நிழல் இல்லை. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் குடையும் விரிக்க முடியாது. அகன்ற தொப்பி, ஈரத்துண்டு, உப்பு கலந்த பானம் மூன்றும் கட்டாயம். ‘நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவர்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். மலை சூழ்ந்த பள்ளம் அது; 35 டிகிரியும் புழுக்கமும் சேர்ந்தால் வியர்வை காயாது. கழிப்பறைக்கும் சற்று உட்காரவும் ஷிஜோவில் உள்ள தைமாரு கடை கைகொடுக்கும்.

யுகாதா தாராளமாக உடுத்தலாம். அது கோடைக்கால எளிய பருத்தி உடை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இடது பக்கம் மேலே வர வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. மரச்செருப்பு கால்விரலைக் கடிக்கும், மகளுக்குப் பழகிய செருப்பே போதும். அம்மாவுக்குப் பருத்திச் சேலை நல்லது.

சாப்பாட்டை நம்பி வராதீர்கள். தகோயாகி உருண்டையில் ஆக்டோபஸ், யாகிசோபா நூடுல்ஸில் பெரும்பாலும் பன்றி இறைச்சி, காய்கறி மட்டும் தெரியும் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். கடைகள் கண்ணில் பட்டால் ஐஸ் துருவல், பழங்கள், சோயா தடவிச் சுட்ட சோளம் வாங்கலாம். மற்றபடி வீட்டிலிருந்து தயிர்சாதமோ புளிசாதமோ கட்டிவந்து, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள். தேர் அருகே விற்கும் சிமாகியைத் தின்பண்டம் என்று பிரித்துவிட வேண்டாம். மூங்கில் இலையில் கட்டிய காப்பு அது, வாசல் மேல் ஓராண்டு தொங்கவிடுவது.

அம்மா கோயிலுக்கும் போக விரும்புவார். யாசகா கோயிலின் மேற்கு வாசலில் கல்படிகள் உண்டு. ஆனால் 17 இரவு முதல் 24 இரவு வரை அந்தக் கோயிலின் தெய்வம் சுசனோ, அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் மூன்று பல்லக்குகளும் ஷிஜோ தெருவிலேயே உள்ள ஓதபிஷோ மண்டபத்தில் தங்கியிருக்கும். அங்கே படி ஏறாமல் தெருவில் நின்றபடியே கும்பிடலாம்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும்.