லெக்ரேயை எந்த ஆல்பத்தில் தொடங்கிக் கேட்பது? அவர் இசையில் என்னதான் மாறியது?

லெக்ரே அமெரிக்காவின் கிறிஸ்தவ ராப் பாடகர். கேள்வி கேட்டவர் ஆங்கில ராப் அதிகம் கேட்டதில்லை என்கிறார். லெக்ரேயின் ஆல்பங்கள் நிறைய இருப்பதால் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை, ஆரம்ப காலத்து லெக்ரேயும் இப்போதைய லெக்ரேயும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகமும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

முதலில் 2012 மே மாதம் வந்த 'சர்ச் க்ளோத்ஸ்' மிக்ஸ்டேப்பை (ராப்பர்கள் பெரும்பாலும் இலவசமாக வெளியிடும் பாடல் தொகுப்பு) கேளுங்கள். அடுத்து பின்னால் போய் 2008-இன் 'ரெபல்', பிறகு முன்னால் வந்து 2014-இன் 'அனாமலி'. இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் மற்றவற்றை எந்த வரிசையில் கேட்டாலும் குழப்பம் வராது. வெளியான வரிசைப்படி 2004-இன் 'ரியல் டாக்'கில் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒலிப்பதிவு மெலிந்திருக்கும், வரிகளில் பிரசங்கம் தூக்கலாக இருக்கும். முழு ரசிகரான பிறகு கேட்க வேண்டிய ஆல்பம் அது.

லெக்ரே டெவான் மூர் 1979-இல் டெக்சஸின் ஹூஸ்டனில் பிறந்தவர். அப்பா உடன் இல்லை, அம்மா ஒருவரே வளர்த்தார். கல்லூரிக் காலத்தில், 19 வயது வாக்கில், மனந்திரும்பிக் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தார். சிறார் தடுப்பு இல்லத்தில் ஊழியம் செய்தபோது அங்கிருந்த பிள்ளைகளுக்கு ராப் பாடிக் காட்டியதுதான் இதைத் தொழிலாக எடுக்கலாம் என்ற எண்ணத்தைக் கொடுத்தது. 2004-இல் பென் வாஷருடன் சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதைச் சுற்றி உருவான குழுவின் பெயர் 116. டெடாஷீ, ட்ரிப் லீ, கேபி, ஆண்டி மினியோ எல்லோரும் அந்த வட்டத்தில் இருந்த ராப்பர்கள். எண் எங்கிருந்து வந்தது என்று சபையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ரோமர் 1:16, "கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்."

'ரெபல்' வரைக்கும் அவர் பேசுவது சபைக்குள் உட்கார்ந்திருக்கும் இளைஞரிடம். உபதேசத்தை அடுக்கடுக்காகச் சொல்வார், கேட்பவருக்கு வேதம் தெரியும் என்று எடுத்துக்கொள்வார். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் காஸ்பல் (கிறிஸ்தவ நற்செய்தி இசை) பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கிறிஸ்தவ ஹிப்-ஹாப் ஆல்பம் அதுதான். ஆனாலும் அந்த இசை புழங்கிய இடம் சபைகள், இளைஞர் முகாம்கள், கிறிஸ்தவப் புத்தகக் கடைகள். ஹிப்-ஹாப் கேட்கும் பெருங்கூட்டம் அந்தக் கடைகளுக்குள் நுழைவதே இல்லை.

'சர்ச் க்ளோத்ஸ்' அந்தத் தடையைத்தான் உடைத்தது. விற்பனைக்கு வைக்காமல் இலவசமாக விட்டார்கள், அதுவும் அப்போது ராப்பர்களின் மிக்ஸ்டேப்கள் இறங்கிக்கொண்டிருந்த டாட்பிஃப் தளத்தில். தொகுத்து வழங்கியவர் டிஜே டான் கேனன். தெரு மிக்ஸ்டேப் உலகில் அவர் பெயர் இருந்தாலே ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். பீட் (ராப்புக்கான பின்னணி இசை) கொடுத்தவர்களில் நைன்த் வொண்டர் உண்டு, பாடியவர்களில் கிளிப்ஸ் என்ற ராப் இரட்டையரில் ஒருவரான நோ மாலிஸ் உண்டு. இரண்டே நாளில் ஒரு லட்சம் தரவிறக்கம். தலைப்புப் பாடல், சபையின் போலித்தனத்தைச் சொல்லி ஒதுங்கி நிற்கும் ஒருவனின் குற்றச்சாட்டுகளை வரிசையாக ஒப்புக்கொள்கிறது. கடைசியில் அவனுடைய சாக்கையும் கேள்வி கேட்கிறது. ஆள் நிற்கும் இடத்துக்கே போய்ப் பேசுவது. மாற்றம் என்று சொன்னால் இதுதான். விசுவாசம் நீர்த்துப்போய்விட்டது என்று அப்போது குறை சொன்னவர்கள், அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது மாறியதைக் கவனிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பலன் உடனே தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'கிராவிட்டி' ஆல்பம், எல்லா வகை இசைக்குமான பில்போர்டு 200 பட்டியலில் 3-ஆம் இடத்தில் நுழைந்தது, முதல் வாரத்தில் சுமார் 72,000 பிரதிகள். சிறந்த காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமியை ஒரு ஹிப்-ஹாப் கலைஞர் வாங்கியது அதுவே முதல் முறை. 'அனாமலி' ஒரே வாரத்தில் பில்போர்டு 200, காஸ்பல் பட்டியல் இரண்டிலும் முதலிடத்தில் நின்றது. அதற்கு முன் எந்த ஆல்பமும் அப்படி நின்றதில்லை.

'அனாமலி'யில் நேரம் ஒதுக்கிக் கேட்க வேண்டிய பாடல் 'வெல்கம் டு அமெரிக்கா'. மூன்று வெர்ஸ் (சரணம்), மூன்று ஆட்கள்: வறுமையில் வளரும் கறுப்பின இளைஞன், போருக்குப் போய்த் திரும்பிய படைவீரன், அமெரிக்காவுக்குள் வரத் துடிக்கும் வெளிநாட்டுக்காரன். ஒவ்வொருவரின் குரலிலும் அவரே பேசுகிறார், எங்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. 'ரெபல்' காலத்தில் இருந்திருந்தால் கடைசியில் ஒரு வசனம் வந்திருக்கும்.

இனி கேட்கும் முறை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ராப்பில் புழங்கும் 808 பேஸ் என்ற ஆழ்ந்த டிரம் ஒலியின் அடிநாதம் ஏறக்குறைய 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது, போன் ஸ்பீக்கரால் அந்த ஒலியைக் கொடுக்கவே முடியாது. கேட்பவருக்கு ஹை-ஹாட் என்ற சிறு தாளத்தட்டின் சலசலப்பும் குரலும் மட்டுமே கிடைக்கும், "பாட்டே வெறுமையாக இருக்கிறதே" என்று நினைப்பார். சாதாரண இயர்போன் போதும்.

பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 2006 பாடலுக்குப் பின் 2018 பாடல் வந்தால் எந்த வளர்ச்சியும் தெரியாது.

முதல் தடவை வரிகளை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்று) 4 தட்டு, ஒரு வெர்ஸ் பெரும்பாலும் 16 பார், ஆக 64 தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு வேகமுள்ள பழைய பாணிப் பாடலில் அது சுமார் 43 விநாடி. ட்ராப் என்ற புதிய பாணி ராப் பாடலில் வேகம் 140 என்று போட்டிருப்பார்கள், ஆனால் ஸ்னேர் டிரம்மின் அடியை வைத்துப் பார்த்தால் 70 போலத்தான் நடக்கும், அதே 16 பார் 55 விநாடிக்கு நீளும். அந்த இடைவெளியில் வார்த்தைகளைத் திணிக்காமல் விட்டுவிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். ட்ராப் தயாரிப்பாளர் ஸேடோவனுடன் 2018-இல் செய்த 'லெட் த ட்ராப் சே ஆமென்' இதைப் பழக நல்ல பாடம். இரண்டாம் தடவை வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

2016-க்குப் பிறகு பாதை கரடுமுரடானது. காவல்துறை கறுப்பின மக்களைக் கொன்ற சம்பவங்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியபோது, அதுவரை கைதட்டிய வெள்ளையின இவாஞ்சலிக்கல் (சுவிசேஷ சபைகளைச் சேர்ந்த) ரசிகர்களில் பலர் விலகினார்கள். 2017-இல் அந்த வட்டத்தை விட்டு வெளியேறுவதாக அவரே சொன்னார். அதே ஆண்டு கொலம்பியா என்ற பெரிய இசை நிறுவனத்துடன் இணைந்து வெளியிட்ட 'ஆல் திங்ஸ் வொர்க் டுகெதர்' சமச்சீராக இல்லை. டோரி கெல்லியுடன் பாடிய 'ஐ'ல் ஃபைண்ட் யூ' அபாரம், வேறு சில பாடல்கள் வானொலிக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. சொந்த நிறுவனம் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காலத்தைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகமே. மனச்சோர்வைப் பற்றிப் பேசும் 'ரெஸ்டோரேஷன்' 2020-இல் வந்தது. 2022-இன் 'சர்ச் க்ளோத்ஸ் 4' சபையால் காயப்பட்டவர்களிடம் பேசுகிறது. 2024 கிராமியில் சிறந்த தற்காலக் கிறிஸ்தவ ஆல்பமாக அது தேர்வானது, டாஷா காப்ஸ் லெனர்டுடன் பாடிய 'யுவர் பவர்' பாடலுக்கும் அன்றே விருது கிடைத்தது.

வாலிபர் கூடுகையில் போட்டுக் காட்டும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 'அனாமலி'யில் உள்ள 'குட், பேட், அக்லி' கருக்கலைப்பையும் சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமையையும் தன் வாழ்க்கையிலிருந்தே சொல்லும் பாடல். நடத்துபவர் முன்கூட்டியே முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், கூடுகை முடிந்ததும் பிள்ளைகள் தனியாக வந்து பேசினால் கேட்பதற்கு ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு இல்லையென்றால் 'வெல்கம் டு அமெரிக்கா'வைப் போடுங்கள்.