டாக்டர் எழுதிய மருந்தில் சந்தேகம் வந்தால் நர்ஸ் எதிர்த்துக் கேட்பாரா?

கேட்போம். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் கேள்விக்குக் கீழே "இல்லை, சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போய்விடுவார்களா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் யாரோ அட்மிட் ஆகியிருக்கிறார்கள், ஏதோ ஒரு மருந்து விஷயம் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். சும்மா இருக்கும் யாருக்கும் இப்படி ஒரு கேள்வி வராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு டாக்டர்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. "டாக்டரைவிட நர்சுக்கு அதிகம் தெரியுமா?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் இப்போதே பதில்: தெரியாது, அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் மருந்தைக் கையில் எடுத்து, லேபிளைப் படித்து, சிரிஞ்சில் ஏற்றி, நோயாளி உடம்பில் செலுத்துவது நாங்கள். கேஸ் ஷீட்டில் இருக்கும் எழுத்துக்கும் படுக்கையில் இருக்கும் ஆளுக்கும் நடுவில் எங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது.

நான் அரசு வேலைக்கு வருவதற்கு முன்னால் கொங்குப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் இருந்தேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு பெரியவர், காலில் புண், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி வந்து சேர்ந்திருந்தார். அன்று சாயந்தரம் அவர் மகன் துபாயில் இருந்து வந்து இறங்கினார், பெட்டியை வீட்டில்கூட வைக்காமல் நேராக வார்டுக்கு. கையில் ஐஸ் வைத்த பை, அதில் இன்சுலின் பாட்டில்கள். "அப்பா போடுற அதே மருந்துதான் சிஸ்டர், இதையே போடுங்க, இங்க எதுக்கு வாங்கணும்?" என்றார். டியூட்டி டாக்டரும் பார்த்தார், அதே 30/70 மிக்ஸ் இன்சுலின்தானே (சீக்கிரம் வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), போடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் 24 யூனிட்.

நான் நைட் டியூட்டி. முந்தின ஷிப்டு சிஸ்டரிடம் ஹேண்டோவர் வாங்கிக்கொண்டு, பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கும்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது. 100 ஐயு ஒரு மில்லிக்கு, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட்.

இதில் என்ன என்று கேட்பீர்கள். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு, அதன் கோடுகள் எல்லாம் அந்த 40 கணக்குக்குப் போட்டவை. வெளிநாட்டில் பெரும்பாலும் 100தான் ஓடுகிறது, அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மருந்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, இரண்டும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரே கலங்கல். சிவப்பு மூடி சிரிஞ்சில் 24ஆம் கோடு வரை இழுத்தால் 0.6 மில்லி வரும். 40 பாட்டிலாக இருந்தால் அது சரியாக 24 யூனிட். 100 பாட்டிலில் இருந்து அதே கோடு வரை இழுத்தால் 60 யூனிட். இரண்டரை மடங்கு! மிக்ஸ் இன்சுலின் வேறு, ராத்திரி முழுக்க வேலை செய்யும். ஒன்றரை இட்லியோடு படுக்கும் பெரியவருக்கு நடுச்சாமத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கும், சட்டை நனைய வியர்த்துக் கிடந்தாலும் அசந்து தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் படுத்திருப்பவர்கள் நினைப்பார்கள்.

எங்கள் வார்டில் இருந்தது எல்லாமே சிவப்பு மூடி. ராத்திரி பார்மசியிலும் ஆரஞ்சு இல்லை.

டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "இன்சுலின் போடறதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க? அளவுதான் எழுதியிருக்கேன்ல" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். "சார், பாட்டில் நூறு, சிரிஞ்சு நாப்பது. நம்ம பார்மசியில நாப்பது பாட்டில் வாங்க எழுதிக் கொடுங்க, இல்லன்னா நீங்களே வந்து போட்டுடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "கணக்குப் பண்ணிக் குறைச்சுப் போடத் தெரியாதா?" என்றார்.

தெரியும். 0.24 மில்லி, சிவப்பு சிரிஞ்சில் 9.6 வரும். 9.6க்குக் கோடு எங்கே இருக்கிறது? சரி, கண் மதிப்பில் நான் போட்டுவிட்டேன் என்றே வையுங்கள். காலை டோஸ் போட வரும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது? அவள் கேஸ் ஷீட்டைப் பார்ப்பாள், அதில் இருக்கிற எண்ணுக்கு இழுப்பாள். என் ஒரு ஷிப்டுக்கு மட்டும் சரியாக இருக்கிற வழி வழியே இல்லை என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், புது பாட்டில் வந்தது, பெரியவருக்குச் சாப்பாடு தாமதமானது. வார்டே வேடிக்கை பார்க்க எனக்குத் திட்டும் விழுந்தது. மறுநாள் காலையில் மகன் மேனேஜரிடம் போய்விட்டார், நல்ல மருந்து கையில் இருக்கும்போது இந்த சிஸ்டர் வேண்டுமென்றே பில் ஏற்றினார் என்று. இருநூறு ரூபாய் பெறாத பாட்டில் அது. அவரையும் குறை சொல்ல மாட்டேன், தனியார் மருத்துவமனை பில்லைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். எனக்கு மெமோ வந்தது. "உறவினருக்குத் தேவையற்ற செலவு, மருத்துவரிடம் மரியாதைக் குறைவான பேச்சு." மேலே சொன்ன கணக்கை அப்படியே எழுதிப் பதிலாகக் கொடுத்தேன். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை, ஆனால் கொஞ்ச நாளில் வார்டில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுக்கென்று தனி டிரே வந்தது. யார் வைக்கச் சொன்னார்கள், ஏன் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தின நாளில் இருந்து அவர் தூங்கவில்லை. மாற்று ஆள் வராததால் இரண்டு டியூட்டியைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்காத மனிதனிடம் நூறு, நாற்பது என்று போனில் சொன்னால் எரிச்சல்தான் வரும். திட்டியதை நியாயப்படுத்தவில்லை, ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. உங்கள் கேள்விக்குப் பதிலே இங்கேதான் இருக்கிறது. நர்ஸ் கேட்பாரா என்பதைவிட, ஒரு தடவை கேட்டு மெமோ வாங்கிய நர்ஸ் அடுத்த தடவை கேட்பாரா என்று கேளுங்கள். என்னோடு படித்தவள் ஒருத்தி, கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கி, இப்போது ரொம்பச் சந்தேகம் வந்தால் மட்டும்தான் போனை எடுக்கிறாள். கொஞ்சம் சந்தேகம் என்றால் எடுப்பதில்லை. அவளை யாரும் குற்றம் சொல்லிவிட முடியாது, ஆனால் அந்தக் கொஞ்சம் சந்தேகத்தில்தான் ஆள் போவது.

ஆபரேஷன் தியேட்டர்களுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது, மொத்தம் 19 விஷயங்கள். தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதை வைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8க்கு இறங்கியிருந்தது. அதில் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன்னால் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் ஒரு தடவை வாயைத் திறந்து பெயரைச் சொன்னவளுக்கு, பிறகு "சார், ஒரு பஞ்சு எண்ணிக்கையில் குறையுது" என்று சொல்ல அவ்வளவு தயக்கம் இருக்காது. நான் பார்த்த ஒரு மயக்க மருந்து டாக்டரம்மா இதை விடவே மாட்டார், தள்ளுவண்டி தள்ளும் அண்ணன் வரைக்கும் பெயர் சொல்ல வைப்பார். வேறு சில தியேட்டர்களில் எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக 19 டிக் அடித்து ஃபைலில் வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் மருத்துவமனைகள் இருக்கின்றன. இத்தனை நாள் இங்கேயே வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்டு முடிவதற்குள் போகிறேன் என்றால், பணம் கட்டினால்தான் அது கைக்கு வரும். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் மாதம் 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. நான் அப்போது வாங்கியதை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள். நீங்கள் கேட்டது மருந்து, நான் சம்பளத்துக்குப் போய்விட்டேன் என்று தோன்றும். சர்டிபிகேட் யாருடைய பீரோவில் இருக்கிறதோ அவரிடம் "முடியாது" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அன்றைக்கு நான் சொன்னதற்குத் தைரியம் மட்டும் காரணம் இல்லை, என் பாண்டு ஏற்கெனவே முடிந்திருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட வரும்போது "இது என்ன மருந்து சிஸ்டர், எதுக்கு?" என்று தாராளமாகக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும், இரண்டாவது தடவை லேபிளைப் பார்ப்பார், உங்களுக்கு வேண்டியது அதுதானே. பெயரைக் கேட்டுச் சரிபார்த்தால் "நேத்தே சொன்னோமே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் பின்னால் நின்று "டிரிப் முடிஞ்சிருச்சு, ஃபேன் ஓடல" என்று கூப்பிடாதீர்கள், அந்த ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் இருந்து மருந்து கொண்டுபோனால் அட்டைப்பெட்டியோடு கொடுங்கள், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் கேட்காவிட்டாலும் ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லுங்கள். இன்சுலின் என்றால் பாட்டிலோடு அதற்கான சிரிஞ்சையும் சேர்த்தே எடுத்துப் போங்கள், மூடி என்ன நிறம், லேபிளில் 40ஆ 100ஆ என்று பையில் வைப்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.