வாசகர் கேள்வி: கோஷர் கடையைத் தேடுவது எப்படி?

கேள்வி: லண்டனில் படிக்கும் மகளின் பேராசிரியை யூதர், கோஷர் (யூத மதச் சட்டப்படியான) உணவு மட்டுமே சாப்பிடுபவர். மகள் அவருக்கு ஒருநாள் கடையில் விருந்து கொடுக்க விரும்புகிறாள். ஹலால் கடை போதாதா?
— வாசகி, காத்தான்குடி

பதில்: போதாது. பன்றி இரண்டிலும் விலக்கு என்பதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். கோஷர் இறைச்சிக்கு, அதற்கென்றே பயின்ற யூதர் அறுக்க வேண்டும். பிறகு நுரையீரலில் பழுது உண்டா என்று பார்ப்பார்கள். இரத்தம் போக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு, பலமுறை கழுவுவார்கள். இறால், நண்டு, கணவாய் அறவே கூடாது. மரக்கறிக் கடையும் எல்லோருக்கும் சரிவராது: பாலாடைக்கட்டி, கீரையில் ஒளிந்திருக்கும் பூச்சி, முன்பு அந்தச் சட்டியில் வெந்தது என்று எல்லாமே கணக்கில் வரும்.

கோல்டர்ஸ் கிரீன், ஹென்டன், எட்ஜ்வெயார் பக்கம் கோஷர் கடைகள் நிறைய உண்டு; நோர்தர்ன் பாதை ரயில் அங்கே போகும். ஆனால் கடையைத் தேடுமுன், எந்தச் சபையின் கோஷர் சான்றிதழை ஏற்பார் என்று பேராசிரியையிடமே மகள் கேட்கட்டும். லண்டன் பெத் டின், கெடாசியா என்று சபைகள் பல. ஒன்றை ஏற்பவர் மற்றதை ஏற்காமல் விடலாம். இப்படிக் கேட்பதை அவர் தவறாக எடுக்கமாட்டார்.

கடைக்குள் போனதும் சான்றிதழைப் பாருங்கள். அதே கடையின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், காலாவதித் திகதி கடந்திருக்கக் கூடாது. 'கோஷர் பாணி' என்று எழுதியிருந்தால் யூதச் சமையல் என்றுதான் பொருள். சபையின் மேற்பார்வை இருக்கிறது என்று ஆகிவிடாது.

நாளும் முக்கியம். யூதரின் ஓய்வுநாள் வெள்ளியன்று சூரியன் மறையும்போது தொடங்குவதால், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை பூட்டு. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைவதால், வெள்ளி மதியச் சாப்பாட்டுக்கே நேரம் இறுகிவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளை வையுங்கள். இறைச்சிக் கடையென்றால் சாப்பிட்டபின் பால் தேத்தண்ணி கேட்கக் கூடாது. பாலும் இறைச்சியும் ஒரே கடையில் சேரா.

கேள்வி: பாசிக்குடாவில் சிறு விடுதி நடத்துகிறோம். கோஷர் விருந்தினருக்கு என்ன கொடுக்கலாம்?
— வாசகர், கல்குடா

பதில்: வெட்டாத வாழைப்பழம், பப்பாளி, வாய் திறக்காத செவ்விளநீர் ஆகியவற்றில் பொதுவாகச் சிக்கல் இல்லை. மீனென்றால் துடுப்பும் செதிலும் உள்ள கொடுவா, பாரை வாங்குங்கள். சுறா, கெளிறு, விலாங்கு வேண்டாம். தோலை உரிக்காமல், செதில் தெரிய முழுமீனாகக் காட்டுங்கள். கத்தி புதிதாக இருக்கட்டும். மீனை அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போறணையில் வைத்தால் உங்கள் தட்டின் பழைய எண்ணெய் படாது. அடுப்பை மூட்டுவது தாமாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர்; விட்டுக்கொடுங்கள். சம்பலில் கூனி (சிறு இறால்) சேர்ப்பது நம் வழக்கம், அதைக் கட்டாயம் தவிருங்கள். உள்ளதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சாப்பிடுவதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்வார்.