ஐஸ்லாந்தில் மோட்டார்ஹோமில் சுற்றும்போது பலத்த காற்றை எப்படிச் சமாளிப்பது?

7 மீட்டர் நீள மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வண்டி), ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் நெடுஞ்சாலையான ரிங் ரோட்டைச் சுற்றப் போகிறோம், காற்றுக்குப் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படுங்கள், நல்லதுதான்.

முதலில் அளவு. அங்கே காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு வரும்: 15 என்றால் மணிக்கு 54, 20 என்றால் 72. "வெறும் 20தானே" என்று கிளம்பிவிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் வண்டியின் பக்கவாட்டுப் பரப்பு சுமார் 18 சதுர மீட்டர் இருக்கும். அதன்மேல் 20-இல் அடிக்கும் பக்கக்காற்று ஏறக்குறைய 450 கிலோ விசையோடு தள்ளும். 28 ஆனால் அது இரண்டு மடங்கு, ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மூன்றரை டன் வண்டியை நின்ற இடத்திலேயே கவிழ்க்க 450 கிலோ போதாது, சாலையை விட்டு நகர்த்தப் போதும். ரிங் ரோடு பல இடங்களில் ஓரமே இல்லாத மேட்டுச் சாலை. ஒரு பக்கச் சக்கரம் சரிவில் இறங்கிவிட்டால் அப்புறம் கவிழ்வது சுலபம்.

வானிலை அலுவலகத் தளத்தில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். வன்வீச்சு, அதாவது திடீரென்று குப்பென அடிப்பது எவ்வளவு என்று பாருங்கள். மலையடிவாரம் ஒதுக்கிடம் என்று நாம் நினைப்போம், அங்கே கதை வேறு. மலையைத் தாண்டி வரும் காற்று மறுபக்கம் சரிந்து விழும்போது சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் அறையும். எஸ்யா மலையடியில் உள்ள க்யாலர்னெஸ், போர்கர்னெஸ் ஊருக்கு எதிரே உள்ள ஹாஃப்னார்ஃப்யாட்ல் மலை, தெற்கே எய்யாஃப்யோட்ல் மலை அடிவாரம், ஒரைவி பகுதி ஆகியவை இதற்குப் பேர்போனவை. சாலையோர மின்பலகைகளில் அந்த நேரத்து வேகம் தெரியும். சாலைத் துறையின் தகவல் எண்ணான 1777-க்கு அழைத்தும் கேட்கலாம். என் கணக்கு: சராசரி 15-ஐத் தொட்டாலோ வன்வீச்சு 20-ஐத் தாண்டினாலோ முகாமை விட்டு நகர வேண்டாம். ஒரு நாளையாவது திட்டத்தில் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் காற்று பிடித்துக்கொண்டால் வேகத்தை 50, 60-க்குக் குறையுங்கள். குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வண்டி விலகும்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். எதிரே லாரி வந்தால் கவனம்: காற்றை எதிர்த்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள், லாரி ஒரு நொடி காற்றை மறைத்ததும் அந்தத் திருப்பமே உங்களை லாரிப் பக்கம் இழுக்கும், அது கடந்ததும் காற்று மறுபடி அறையும். மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரில் பக்கக்காற்று உதவி என்ற தானியங்கி வசதி இருக்கிறதே என்றால், அது வண்டி மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போதுதான் வேலை செய்யும்.

உண்மையில் அதிகம் உடைவது கதவுதான். பின்னாலிருந்து காற்று அடிக்கும்போது திறந்தால் கதவைப் பிடுங்கி முன்னால் மடக்கிவிடும். கீல் வளையும், ஃபெண்டர் நசுங்கும். வாடகை இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குக் கொடுக்காது. அதனால் எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொருவராக இறங்குங்கள். எதிரெதிர்க் கதவுகளை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். மிர்டால்சாண்டூர், ஸ்கெய்தராவ்சாண்டூர் கருமணல் வெளிகளில் காற்றோடு மணலும் பறந்து பெயின்ட்டை உரித்துவிடும். அதற்குத் தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, தென்கரைக்குப் போவதானால் எடுத்துவிடுங்கள்.

இரவில் வண்டியின் பக்கத்தில் விரித்த வெளிக்கூரையைச் சுருட்டிவிடுங்கள், கூரை ஜன்னல்களைக் கொக்கி போட்டு மூடுங்கள், மட்டம் பார்க்க வைத்த ஆப்புக் கட்டைகளிலிருந்து வண்டியை இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால் 100 லிட்டருக்கு 100 கிலோ, அதுவும் தாழ்வாக. ஆட்டம் கொஞ்சம் குறையும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் பக்கவாட்டுத் துளை வழியே காற்று புகுந்து சுடரை அணைத்துவிடும். முகாமில் மின் இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றிவிட்டுப் படுங்கள்.