சிப்மங்க்கை விரட்ட எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்: வாசகர் கேள்விகள்

பனி உருகியதும் வழக்கமாக வரும் கேள்விகள் இந்த முறையும் வந்துவிட்டன. வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்கியவர்களில் பலருக்கும் ஒரே தலைவலி: முதுகில் வரியும் கன்னம் நிறைய விதையுமாக ஓடும் சிப்மங்க் என்ற சிறு அணில் வகை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிப்மங்க், எலி, அணில் எல்லாம் ஓடிவிடும் என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் இரண்டு அல்ட்ராசோனிக் கருவிகள் வாங்கினோம். கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அது கொட்டை தின்கிறது! பெட்டியில் இ.பி.ஏ. எண் இருக்கிறதே, அப்படியானால் அரசு சோதித்த பொருள்தானே? (எடிசன், நியூ ஜெர்சி)

இல்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பூச்சிமருந்தோ எலிமருந்தோ என்றால் பெரும்பாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் (இ.பி.ஏ.) பதிவு செய்துதான் விற்க முடியும். ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் கருவிக்கு அந்தப் பதிவு தேவையில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது தயாரிப்புக் கூடத்தின் எண். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைத்தான் அது காட்டும், வேலை செய்யுமா என்பதை அல்ல.

இந்த வியாபாரம் புதிதும் அல்ல. 2001-லேயே அமெரிக்க மத்திய வணிக ஆணையம், இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும், விற்கும் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம். இத்தனை வருஷம் கழித்தும் அதே வாசகங்கள் புதுப் பெட்டிகளில் வந்துகொண்டே இருக்கின்றன.

மீயொலி, அதாவது இந்த அல்ட்ராசோனிக் ஒலி, காற்றில் கொஞ்ச தூரம் போவதற்குள் வலுவிழந்துவிடும். செடியோ சுவரோ குறுக்கே வந்தால் நின்றுவிடும். சிப்மங்க்கோ மண்ணுக்கு அடியில் குடியிருக்கிறது. முதல் நாள் ஒலியைக் கேட்டு மிரண்டாலும் போகப் போகப் பழகிவிடும்.

இன்றைக்கே திருப்பி அனுப்பப் பாருங்கள். 'பலன் தெரியச் சில வாரம் ஆகும்' என்று பொருளோடு வந்த கையேட்டில் இருந்தால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடலாம். விற்றவர் மறுத்தால், விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுங்கள்.

நரி மூத்திரத் துகள், புதினா எண்ணெய்ப் பை வகையறாக்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு மழை பெய்தால் மறுபடியும் கடைக்குப் போக வேண்டும். நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: பொந்துக்குள் நாலு பாச்சை உருண்டை போட்டால் போதும் என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். எலி விஷம் வைக்கலாம் என்கிறார் கணவர்.

இரண்டும் வேண்டாம். பாச்சை உருண்டை, மூடிய பெட்டியில் துணிக்கு இடையே வைப்பதற்காக அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்து. லேபிளில் சொல்லாத இடத்தில், அதாவது தோட்டத்து மண்ணில் போடுவது அமெரிக்காவில் சட்ட மீறல். அதைவிட முக்கியம், குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை என்றால், சில பாச்சை உருண்டைகளில் இருக்கும் நாப்தலினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து நிலைமை மோசமாகும். இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

எலி விஷம் சிப்மங்க்குக்கு என்று அனுமதிக்கப்பட்டது அல்ல. தின்ற பிராணியைப் பிடிக்கும் பருந்துக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். பக்கத்து வீட்டுப் பூனையையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வாசல் படிக்கட்டின் ஓரத்தில் மூன்று பொந்துகள். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், அஸ்திவாரத்துக்கு அடியில் மண் போய்விட்டது, உடனே வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று பல ஆயிரம் டாலருக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள், இப்போதைக்கு.

முதலில் பொந்து யாருடையது என்று பாருங்கள். சிப்மங்க் பொந்தின் வாய் சுமார் 2 அங்குல அகலம், சுத்தமாக வட்டமாக இருக்கும். தோண்டிய மண்ணை அது வாசலில் குவித்து வைக்காது. வாசலில் மண் குவிந்து, வழி நெடுகத் தேய்ந்த தடமும் புழுக்கையும் இருந்தால் எலியாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

சிப்மங்க்தான் என்றால் அது 100 கிராம் அளவுள்ள பிராணி. உள்ளே வளை 20, 30 அடி நீளம்கூடப் போகும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் சுமார் 2 அங்குலக் குழாய் போல ஓடும் வழி அது. பெரும்பாலும் தனியாகத்தான் வசிக்கும். படிக்கட்டோ நடைபாதைக் கல்லோ கொஞ்சம் இறங்கலாம். கான்கிரீட் அஸ்திவாரத்துக்கே ஆபத்து என்பது அபூர்வம். சுவரில் புதிய விரிசல், கதவு இழுத்துக்கொள்வது, அடித்தளத்தில் தண்ணீர் வருவது எதுவும் இல்லையென்றால் அவசரமும் இல்லை. இருந்தால், கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்வைக்கான கட்டணத்தை மட்டும் கொடுங்கள். அவர் பழுது வேலை எடுக்காதவராக இருக்க வேண்டும். நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் இந்த மதிப்பீட்டில் எனக்கு உறுத்துகிறது.

பணம் போட வேண்டிய இடம் கம்பி வலை. கடையில் ஹார்ட்வேர் கிளாத் என்று கேளுங்கள், கால் அங்குலக் கண்ணி, கால்வனைஸ் செய்தது. சிக்கன் வயர் மலிவு என்று அதை வாங்கிவிடாதீர்கள், கண்ணி பெரிது. படிக்கட்டு ஓரத்தில் 8 முதல் 12 அங்குலம் ஆழம் தோண்டி, வலையின் அடிப்பக்கத்தை வெளிப்புறமாக மடக்கிப் புதைத்து, மண்ணையும் சரளையையும் போட்டு மூட வேண்டும். ஒரு வார இறுதி வேலை.

மூடுவதற்கு முன் பொந்தில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அது அசையாமல் இருந்தால் உள்ளே ஆள் இல்லை. வசந்தத்திலும் கோடையிலும் குட்டி இருக்கக்கூடும், குளிர்காலத்தில் அது உள்ளேயே தூங்கும். ஆகவே இலையுதிர் காலத் தொடக்கம்தான் நல்ல நேரம்.

கேள்வி: கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துப் பூங்காவில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். எந்த அளவு வாங்குவது? (மார்க்கம், ஒன்டாரியோ)

அளவைக் கேட்பதற்கு முன் சட்டத்தைக் கேளுங்கள். ஒன்டாரியோவில் உயிரோடு பிடித்த காட்டுப் பிராணியை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்துக்கு அருகே, 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். அதாவது தூரத்துப் பூங்கா கணக்கில் வராது. அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் அனுமதி இல்லாமல் இடம் மாற்றக் கூடாது. 1 கிலோமீட்டருக்குள் விட்டால் திரும்பி வரலாம், அது வராவிட்டாலும் காலியான பொந்துக்கு இன்னொன்று வரும். கூண்டுக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இன்னும் கொஞ்சம் வலை வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

வாளித் தண்ணீரில் மூழ்கடிக்கும் முறையையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அது சித்திரவதை, வேண்டாம்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் நட்ட டுலிப் கிழங்கு எல்லாம் போய்விட்டது. பறவைக்கு வைக்கும் தீனியும் மிஞ்சுவதில்லை.

இரண்டும் ஒரே கதைதான். பறவைத் தீனிதான் அதை வீட்டு வாசலுக்கு அழைத்து வருகிறது. தீனிக் கூண்டை வீட்டிலிருந்து 15 முதல் 30 அடி தள்ளி வையுங்கள், கம்பத்தில் தடுப்புத் தட்டு மாட்டுங்கள், கீழே சிதறுவதை அவ்வப்போது கூட்டி எடுங்கள். காப்சைசின், அதாவது மிளகாய்க் காரம் ஏற்றிய விதை விலை கூடுதல்தான், ஆனால் காசுக்கு அர்த்தம் உண்டு. பறவைக்குக் காரம் உறைக்காது, சிப்மங்க்குக்கு உறைக்கும்.

கிழங்கு நட்டதும் மேலே அதே கால் அங்குல வலையை விரித்து, பாத்தியின் ஓரத்தைத் தாண்டி ஒரு அடி வரும்படி மூடி, மேலே மண் போடுங்கள். வசந்தத்தில் முளை தலைகாட்டும்போது எடுத்துவிடலாம். வலையே வேண்டாம் என்றால் டாஃபோடில் நடுங்கள். அதில் நஞ்சு இருப்பதால் சிப்மங்க் தொடுவதில்லை.

கேள்வி: காரின் ஏர் ஃபில்டர் பெட்டி முழுக்க ஏகோர்ன் (ஓக் மரத்துக்) கொட்டை, இரண்டு ஒயரும் கடிபட்டிருக்கிறது. காப்பீடு தருமா?

வீட்டுக் காப்பீட்டை நம்ப வேண்டாம், கொறிக்கும் பிராணிகளால் வரும் சேதத்தை அதில் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள். கார் காப்பீட்டில் காம்ப்ரிஹென்சிவ் பகுதி, அதாவது மோதல் அல்லாத சேதங்களுக்கானது, எடுத்திருந்தால் பொதுவாகக் கிடைக்கும். உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய தொகை பழுதுச் செலவைவிட அதிகமா என்று முதலில் பாருங்கள், அதிகம் என்றால் கோரிக்கை வைப்பதில் பயனில்லை. கொட்டையைக் கொட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரை மாற்றும்போது காரம் ஏற்றிய டேப் சுற்றித் தருவார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஹோண்டா அப்படி ஒன்றை விற்கிறது, மற்ற கார்களுக்கும் சுற்றலாம்.