சர்ச்சுக்குள் கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்து ஒட்டும் அகலப் படத்தில் (பனோரமா) ஜன்னலும் வெளுக்காமல், தூணும் பெஞ்சும் முறியாமல் வர என்ன செய்யணும்?

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச் மாதிரி கோயிலில், வெயில் விழும் ஜன்னலுக்கும் கூரையடி இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஃபிரேமில் அடங்காது. டிரைபாடில் கேமராவைச் செங்குத்தாக மாட்டி, மேனுவல் மோடு, லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கேமரா சுருக்காத ரா ஃபைல் வையுங்கள். ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமநிலை) ஃபோகஸும் மாறவே கூடாது. முதலில் ஜன்னல் வெளுக்காத ஷட்டர் வேகம். அங்கிருந்து ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டி, இருட்டு மூலை தெளியும்வரை, பெரும்பாலும் ஐந்து படம். கேமராவைத் திருப்பும் ஒவ்வொரு கோணத்துக்கும் இதே ஐந்துதான்.

நம்ம ஊரில் பலரும் கோட்டை விடுவது ஃபேனில். நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன் சுற்றினால், வேகமான படத்தில் இறக்கை உறைந்தும் மெதுவான படத்தில் கலங்கியும் விழும்; ஐந்தையும் சேர்த்ததும் கூரையில் அழுக்குத் திட்டு. சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் சொல்லி நிறுத்தி, ஆட்டமும் அடங்கியபின் எடுங்கள். டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சுவரில் பச்சை ஏறும்.

கோணங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டும்போது பெஞ்சு விளிம்பு முறிவதற்குக் காரணம், கேமரா தன் உடலைச் சுற்றித் திரும்புவது. லென்ஸின் நுழைதுளையை (முன்னாலிருந்து பார்த்தால் லென்ஸுக்குள் தெரியும் துளை) சுற்றித் திரும்பணும். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடு ரெயிலில் மாட்டி, பக்கத்துத் தூணையும் தூரத்துப் பீடத்து விளிம்பையும் ஒரே கோட்டில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் விலகினால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். விலகாத இடம் கிடைத்தால் அதுதான். படத்துக்குப் படம் 30 சதவீதம் மேற்பொருந்தட்டும்.

முதலில் ஹெச்டிஆர், அதாவது ஒவ்வொரு கோணத்தின் ஐந்து படத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது; பிறகு ஒட்டு. டோனை, அதாவது வெளிச்சம் இருட்டுச் சரிசெய்தலை, மட்டும் ஒட்டியபின் தொடுங்கள்.