ஆர்50க்கு மாறினால் பழைய எம் லென்ஸ் என்ன ஆகும்?

கேள்வி: என்னிடம் கேனன் எம்50 இருக்கிறது. அதோடு வந்த 15-45 கிட் லென்ஸ், ஆசைப்பட்டு வாங்கிய 22 எம்.எம். எஃப் 2, மாமா தன் பழைய டிஎஸ்எல்ஆரோடு வைத்திருந்து எனக்குக் கொடுத்த இஎஃப் 50 எம்.எம். எஃப் 1.8 என்று மூன்று லென்ஸ். மாமா கொடுத்ததை மட்டும் அடாப்டர் போட்டு மாட்டுகிறேன். 4கே வீடியோவுக்காகக் கேனனின் ஆர்50 வாங்கலாம் என்றிருக்கிறேன். "பாடி மட்டும் எடுங்க சார், ஒரு அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் எல்லாமே ஓடும்" என்கிறார் கடைக்காரர். என் நண்பர் நிக்கான் கேமராவில் சோனி லென்ஸையே மாட்டி எடுக்கிறார். கடைக்காரர் சொல்வதை நம்பலாமா? (நாகர்கோவிலில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றில் ஒன்றுதான் ஓடும். அது மாமா கொடுத்தது. மற்ற இரண்டும் ஆர்50இல் ஏறாது. கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று நான் பஞ்சாயத்து பண்ணப் போவதில்லை. ஆனால் கேமரா ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த "எல்லாமே ஓடும்" என்ற வாக்கியத்தை நம்பி ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஏன் ஏறாது? கேமராவின் வாயில் லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையம்தான் மவுண்ட். அந்த வளையத்துக்கும் உள்ளே படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியிலேயே வரிசைக்கு வரிசை, அந்த அளவு மாறும். கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர்களில், அதாவது 1987இல் வந்த இஎஃப் மவுண்டில், அது 44 மில்லிமீட்டர். உங்கள் எம்50இல், அதாவது இஎஃப்-எம் மவுண்டில், 18. நீங்கள் வாங்க நினைக்கும் ஆர்50இல், அதாவது ஆர்எஃப் மவுண்டில், 20. இந்த மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானே விளங்கும்.

கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ்தான் ராட்டினம், சென்சார்தான் தண்ணீர். உங்களிடம் 44 அடிக் கயிறு இருக்கிறது, கிணறோ 20 அடி ஆழம். ராட்டினத்தை 24 அடி உயரத்தில் கட்டிவிட்டால் வாளி சரியாகத் தண்ணீரைத் தொடும். அந்த 24தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய், ஓரத்தில் மின்சாரம் கடத்தும் சில ஊசிகள். அதனால்தான் மாமாவின் 50 எம்.எம். ஆர்50இலும் ஒழுங்காக ஓடும். இப்போது 18 அடிக் கயிறோடு அதே கிணற்றுக்கு வாருங்கள். வாளி தண்ணீருக்கு 2 அடி மேலேயே நின்றுவிடும். எட்ட வேண்டுமானால் ராட்டினத்தைக் கிணற்றுக்குள்ளே 2 அடி இறக்க வேண்டும். உங்கள் 22 எம்.எம்., 15-45 இரண்டுக்கும் இதுதான் கதை. கேமராவின் வாய்க்குள்ளே 2 மில்லிமீட்டர் தள்ளி மாட்டினால் ஒழிய படம் தெளியாது. அதன் மேல் ஒரு அடாப்டரும் போட்டால் லென்ஸ் இன்னும் வெளியேதான் தள்ளிப்போகும்.

"வெறும் 2 மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 எம்.எம். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நின்றால், அது தெளிவாகக் காட்டக்கூடிய அதிகபட்ச தூரம் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். சாப்பாட்டு மேசையில் இருக்கும் காபி டம்ளரை எடுக்கலாம், எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுக்க முடியாது.

இப்போது உங்கள் நண்பரின் நிக்கான் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் குழம்புகிறது. அவர் சொல்வது உண்மை. 2018இல் வந்த நிக்கான் இசட் மவுண்டில் அந்த இடைவெளி 16 மில்லிமீட்டர். சோனி இ மவுண்டில் 18. சோனி லென்ஸின் கயிறு 18 அடி, நிக்கான் கிணறு 16 அடி, ஆக கயிறு 2 அடி மிச்சம். அந்த 2 மில்லிமீட்டருக்குள் ஒரு மெல்லிய வளையத்தைச் செய்து, அதற்குள் மின்சுற்றையும் திணித்து விற்கிறார்கள். நிக்கானின் வாய் 55 மில்லிமீட்டர் அகலம், சோனியுடையது 46 சொச்சம். அந்த விசாலம் இருப்பதால்தான் இவ்வளவு ஒல்லியான வளையத்தைச் செய்ய முடிகிறது. ஆட்டோஃபோக்கஸும் ஓடும். அதே நண்பரிடம் நிக்கான் இசட் லென்ஸைச் சோனி பாடியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், முடியாது. கயிறு நீளமாக இருந்தால் வழி உண்டு, குட்டையாக இருந்தால் கிடையாது. உங்கள் எம் லென்ஸ் குட்டைக் கயிறு. இன்னொன்று, நண்பரின் வளையம் நிக்கானும் செய்ததில்லை, சோனியும் செய்ததில்லை. இரண்டு கேமராக்கள் பேசும் பாஷையை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்டு எழுதிக்கொண்டதுதான் அது. கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்த அன்று காலை அது வாயடைத்துப்போனால் யாரிடமும் போய் நிற்க முடியாது.

சரி, அடாப்டருக்கு வருவோம். உங்கள் பணம் போகக்கூடிய இடம் இதுதான். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அடாப்டரின் பெயர் 'இஎஃப்-இஓஎஸ் எம்'. ஆர்50க்கு வேண்டியது 'இஎஃப்-இஓஎஸ் ஆர்'. முதல் பெயரைப் படித்தால் என்ன தோன்றும்? ஏதோ இஎஃப், எம் இரண்டு லென்ஸையும் மாட்டித்தரும் சாமான் மாதிரி இல்லை? பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. எம் வரிசை விற்பனை முடிந்துபோனதால் அந்தப் பழைய அடாப்டர்கள் செகண்ட் ஹேண்டில் கொட்டிக்கிடக்கின்றன. எம், ஆர் இரண்டுமே மிரர்லெஸ் என்பதால் "கேனன் மிரர்லெஸ் அடாப்டர்" என்று பொதுப்பெயர் போட்டு ஆர் கேமராக்காரர்கள் தலையில் கட்டுகிறார்கள்.

கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். லென்ஸ் மாட்டும் பக்கத்தில் இரண்டிலும் சிவப்புப் புள்ளியும் வெள்ளைச் சதுரமும் இருக்கும். கேமராவில் மாட்டும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் எம், சிவப்புக் கோடு இருந்தால் ஆர். அழிந்துபோயிருந்தால் பிள்ளைகளின் ஸ்கேலை எடுத்து இந்த வளையத்திலிருந்து அந்த வளையம் வரை அளந்துவிடுங்கள். எம் அடாப்டர் 26 மில்லிமீட்டர், ஆர் அடாப்டர் 24.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தார். இப்படித்தான் ஒரு எம் அடாப்டரைப் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறார். ஆர் பாடியின் வாய் 54 மில்லிமீட்டர், எம்முடையது 47. மாட்டினால் பூட்டவில்லை, பெரியவர் மோதிரம் சிறுவன் விரலில் ஆடுவதுபோல் உள்ளே ஆடியிருக்கிறது. விற்றவனிடம் போனில் கேட்டால், "லூஸா இருந்தா டேப் சுத்துங்க ப்ரோ." சுற்றியிருக்கிறார், அழுத்தியிருக்கிறார். ஆர்எஃப் மவுண்டின் உள்விளிம்பில் ஸ்பிரிங் வைத்த 12 தங்கநிற ஊசிகள் வரிசையாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அதில் இரண்டு பல் விழுந்த கிழவர் போல் சாய்ந்து கிடந்தன. அடாப்டரில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு ரிப்பேருக்குப் போயிற்று. தானாகப் போய் உட்காராத எதையும் கேமராவின் வாயில் திணிக்காதீர்கள்.

இனி உங்கள் கணக்கு. ஆர்50 பாடியும் புது அடாப்டரும் வாங்கினால் உங்கள் கையில் ஓடும் லென்ஸ் ஒன்றே ஒன்று, 50 எம்.எம். இந்த சென்சாரில் அது 80 எம்.எம். போலக் காட்டும். முகத்தை எடுக்க அருமையாக இருக்கும், ஆனால் வீட்டுக் கூடத்தில் நாலு பேரை நிற்கவைத்து எடுக்க முதுகு சுவரில் முட்டும். ஆகவே "பாடி மட்டும்" என்ற யோசனையே உங்களுக்கு ஆகாது. 18-45 கிட் லென்ஸோடு வாங்குங்கள்.

மாமாவின் லென்ஸுக்கு அடாப்டர் வாங்குவதா வேண்டாமா என்பதற்கு லென்ஸின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். 'எஸ்டிஎம்' என்று இருந்தால் 2015இல் வந்த புது வடிவம், மோட்டார் அதிகம் சத்தம் போடாது, அடாப்டர் வாங்கலாம். எண்ணுக்குப் பின்னால் ரோமன் இரண்டு போட்டு, பின்வளையமும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது 1990இல் வந்தது. புகைப்படத்துக்குக் குறையில்லை. வீடியோவில் ஃபோக்கஸ் தேடும்போதெல்லாம் கர் கர் என்று மைக்கில் ஏறும். நீங்கள் மாறுவதே வீடியோவுக்காக என்பதால் அதற்கென அடாப்டர் வாங்குவது வீண். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஆர்எஃப் 50 எஃப் 1.8ஐ வாங்கிவிடுங்கள். மாமா வீட்டில் தூரத்தை இழுத்துக்காட்டும் டெலி லென்ஸ் மாதிரி வேறு ஏதாவது இஎஃப் தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் கணக்கு மாறும், அடாப்டர் ஒன்று, லென்ஸ் பல.

எம்50ஐ விற்க அவசரப்படாதீர்கள். 4கேயில் காட்சி இன்னும் குறுகுவதும், ஃபோக்கஸ் தடுமாறுவதும் அதன் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆர்50இல் அந்த வெட்டு இல்லை. ஆனால் எம்50 பாடியோடு அந்த 22 எம்.எம். சேர்ந்தால் சட்டைப்பைக்குச் சற்றே பெரிய, புகைப்படத்துக்கு மிக நல்ல கேமரா. தனித்தனியாகப் பிரித்து விற்றால் இரண்டுக்கும் மதிப்பில்லை. "எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அவர் போடும் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

வாங்கும் இடத்தில் ஒரு விஷயம். அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது குருவி கொண்டுவந்த சரக்கு. "கடை வாரண்டி" என்று ஒரு சீட்டு தருவார்கள். கடை இருக்கும் வரை வாரண்டி. பாடியின் எண்ணும் லென்ஸின் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும், இரண்டும் தனித்தனியாக. கிட் லென்ஸை உருவிவிட்டுப் பாடியை மட்டும் வேறு ஒருவருக்கு விற்கிற வேலை எல்லாக் கடைவீதியிலும் நடக்கிறது. பழைய ஃபிளாஷ் வைத்திருக்கிறீர்களா? ஆர்50இன் தலையில் அது நேராக உட்காராது, அதற்கும் தனியாக ஒரு அடாப்டர் விற்கிறார்கள். ஆமாம், அதற்கும்தான்.

எனக்கு ஆத்திரமெல்லாம் கம்பெனிகள் மேல்தான். நம் வீட்டு கேஸ் ரெகுலேட்டர் இண்டேனா பாரத்தா என்று கேட்டுக்கொண்டு சிலிண்டரில் உட்காருவதில்லை. லென்ஸிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. எம்42 என்ற திருகு மவுண்டில் பெண்டாக்ஸ், பிராக்டிகா, ஜெனிட் என்று யார் லென்ஸும் யார் கேமராவிலும் திருகிக்கொள்ளும். இன்றைக்கும் ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் பேசிவைத்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸும், லைகா, பானசோனிக், சிக்மா மூவரும் 2018இல் கைகோத்த எல் மவுண்டும் அந்த வழியில்தான் இருக்கின்றன. கேனனோ 2012இல் எம் மவுண்டைத் தொடங்கி, 2018இல் உங்கள் எம்50ஐ விற்று, அதே வருடம் அதனோடு எந்த ஒட்டுறவும் இல்லாத ஆர்எஃப்பையும் இறக்கி, 2023இல் எம்முக்குக் கதவைச் சாத்திவிட்டது. 2022இல் வில்ட்ராக்ஸ் என்ற லென்ஸ் கம்பெனி மலிவாக ஆர்எஃப் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ் போட்டபோது, காப்புரிமையைக் காட்டி நிறுத்தவைத்தார்கள். சிக்மாவுக்கு அனுமதி கிடைத்தது 2024இல்தான், அதுவும் ஆர்50 மாதிரிச் சிறிய சென்சாருக்கான லென்ஸ்களுக்கு.

அதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. சிக்மாவின் 18-50 எஃப் 2.8 இப்போது ஆர்எஃப்பில் வருகிறது. கிட் லென்ஸின் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு வருடம் கழித்துத் தோன்றினால் அதைப் பாருங்கள். வாங்கும்போது பெட்டியில் எந்த மவுண்ட் என்று எழுதியிருக்கிறதோ அதைப் படியுங்கள். அதே லென்ஸ் சோனிக்கும் ஃபூஜிக்கும் தனித்தனியாக வருகிறது, வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.